எண்ணெய் வந்த வழி

நாட்டின் வரலாற்றை அரசர் பெயர்களாலும் போர் நடந்த ஆண்டுகளாலும் எழுதிவைக்கும் வழக்கம் நம்மிடையே இன்னும் ஒழிந்துவிடவில்லை. சங்கிலி மன்னன் ஆண்ட காலத்தை நம் மாணவர் ஒப்புவிப்பர். போர்த்துக்கேயர் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஆண்டையும் ஒப்புவிப்பர். ஆயின் தம் பாட்டனார் எந்தக் காலத்திற் பாயைச் சுருட்டி வைத்துவிட்டு இயந்திரத்தின் முன்னே குந்தினார் என்று வினவினால், கடற்கரைக் கிராமத்துப் பிள்ளைகளே விடையறியாது நிற்பர். உழைக்கும் மக்களின் கருவி மாறும்போது அவர்களுடைய அறிவும் உறவும் கடனும் உடன் மாறுகின்றன. அந்த மாற்றத்தை எழுதாத வரலாறு அரை வரலாறேயாகும்.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரையில், காங்கேசன்துறைக்குக் கிழக்கே அமைந்த மயிலிட்டி, இம்மாற்றத்தை ஆராய்வதற்குத் தக்க களமாகும். போருக்கு முன்னர் இலங்கையின் பெயர்பெற்ற மீன்பிடித் துறைகளுள் ஒன்றாக அது விளங்கியது. 1905 ஆம் ஆண்டிற் காங்கேசன்துறை வரை வந்து சேர்ந்த இருப்புப்பாதை வடகரை மீனைத் தெற்கே கொண்டுசெல்ல வழி திறந்தது. பின்னர் பனிக்கட்டியும் லொறியும் வந்தன. இவற்றோடு இயந்திரப் படகும் வந்து சேர்ந்தபோது, ஊர்த் தொழிலாக இருந்தது நாட்டுச் சந்தைக்கான தொழிலாயிற்று.

இக்கட்டுரை அந்த இயந்திரத்தின் ஒரு பகுதியை மாத்திரமே எடுத்துக்கொள்கிறது. அது எண்ணெய் வரும் வழி. நடுக்கடலில் இயந்திரம் நின்றுவிட்டால் கடலோடி கேட்கும் முதற் கேள்வி, 'எங்கே அடைத்தது?' என்பது. அக்கேள்விக்கு அவன் விடை தேடும் முறை எத்தகையது? அதே கேள்வியை அவனுடைய வாழ்வை நோக்கிக் கேட்டால் எத்தகைய விடை கிடைக்கும்? இவ்விரண்டையும் சேர்த்து நோக்குவது பயனுடையது எனக் கருதுகிறோம்.

பாய்க்காலம்

இயந்திரம் வருமுன்னர் கட்டுமரத்தையும் வள்ளத்தையும் செலுத்தியவை காற்றும் தோள்வலியும் ஆகும். சோளகம், வாடை, கொண்டல், கச்சான் எனக் காற்றுக்குப் பெயரிட்டு, அவ்வக் காற்றின் பருவத்தையும் குணத்தையும் எம் கடலோடிகள் தெளிவாக வகுத்திருந்தனர். இன்ன காற்றுக்கு இன்ன மீன், இன்ன பருவத்துக்கு இன்ன கரை என்ற கணக்கு அவர்களின் நாவில் இருந்தது. வாடை முற்றி வடகடல் கொந்தளிக்கும்போது வேறு கரைகளுக்குச் சென்று வாடி அமைத்துத் தொழில் செய்தனர்.

காற்றுக்கு விலையில்லை. அதை எவரும் பண்டசாலையிற் பூட்டி வைக்க முடியாது. ஆனால் இதைக்கொண்டு பாய்க்காலத்தைப் பொற்காலம் என்று புனைந்துரைப்பது தவறாகும். காற்று விழுந்த நாளிற் பிடித்த மீன் கரைசேருமுன் அழுகிற்று. புயலுக்கு முன்னே கரையை அடைய வலுவில்லாத கட்டுமரங்கள் திரும்பாமலே போயின. வலையும் வள்ளமும் சம்மாட்டியின் உடைமையாக இருக்க, முற்பணம் வாங்கிய தொழிலாளி அவரிடமே கட்டுண்டு கிடந்தான். ஆகவே இயந்திரம் வந்தபோது மக்கள் அதை விரும்பி ஏற்றதில் வியப்பில்லை. அது தூரத்தைச் சுருக்கியது; உயிருக்கு ஓரளவு காவல் தந்தது.

இயந்திரம் வந்தது

டீசல் இயந்திரத்தை ஆக்கிய ஜேர்மானியப் பொறியியலாளர் றுடோல்ப் டீசல் தம் கண்டுபிடிப்புக்கு உரிமைச் சான்று பெற்றது 1893 இல். அது செவ்வனே இயங்கிக் காட்டியது 1897 இல். பெருந்தொழிற்சாலைகளின் நீராவி இயந்திரத்தோடு போட்டியிட முடியாது நலிந்துவந்த சிறு கைவினைஞர்க்குத் தம் இயந்திரம் கைகொடுக்க வேண்டும் என்பது அவருடைய எண்ணமாக இருந்தது. 1900 ஆம் ஆண்டுப் பாரிசுப் பொருட்காட்சியில் அவ்வினத்து இயந்திரம் ஒன்று நிலக்கடலை எண்ணெயிலே இயக்கிக் காட்டப்பட்டது. உழவன் தன் நிலத்தில் விளைந்த எண்ணெயைக் கொண்டே தன் பொறியை ஓட்டலாம் என்ற ஒரு வாய்ப்பு அங்கே தென்பட்டது. ஆனால் வரலாறு வேறு வழியிற் சென்றது. பெற்றோலிய நிறுவனங்கள் உலகெங்கும் கால் பரப்பின. சிறு கைவினைஞனுக்கென நினைக்கப்பட்ட பொறி பெருமூலதனத்தின் எண்ணெயை எதிர்பார்க்கும் பொறியாயிற்று.

இலங்கையில் மீன்பிடித் திணைக்களம் 1941 இல் நிறுவப்பட்டது. 1950களிற் கொழும்புத் திட்டத்தின் கீழ்க் கனடாவும், ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய நிறுவனமும் மீன்பிடித் தொழிலை நவீனமாக்கும் முயற்சிகளுக்குத் துணைநின்றன. 1958 அளவில் உள்ளிணைந்த டீசல் இயந்திரம் பூட்டிய படகுகளைத் தவணைக் கடனில் மீனவர்க்கு வழங்கும் திட்டத்தை அரசு தொடங்கியது. 'மூன்றரைத் தொன் வள்ளம்' என்று நம் கடற்கரைகளில் வழங்கும் பெயர் அக்காலத்துக்குரியதே. நைலோன் வலையும் ஏறத்தாழ அதே காலத்தில் வந்தது. 1967 இற் காரைநகரில் நோர்வே மக்களின் உதவியோடு தோன்றிய சீநோர் நிறுவனத்தின் படகுத்தளம், குடாநாட்டிலேயே நவீன படகு கட்டும் வாய்ப்பை உண்டாக்கிற்று.

இம்மாற்றத்தின் இன்னொரு முகத்தையும் மறைத்தலாகாது. கடன் கிடைத்தது பெரும்பாலும் பிணைவைக்கக் கூடியவர்க்கே. பாய்வள்ளத்துச் சம்மாட்டி இயந்திரப் படகின் முதலாளியாக மாறினார்; கூலிக்குச் சென்றவன் கூலிக்குச் செல்பவனாகவே இருந்தான். பங்கு பிரிக்கும் கணக்கிலும் ஒரு மாற்றம் நேர்ந்தது. மீன் விற்ற பணத்தில் எண்ணெய்ச் செலவு முதலிற் கழிக்கப்படும். எஞ்சியதே படகுக்கும் வலைக்கும் ஆட்களுக்கும் பங்காகும். காற்றினால் ஓடிய காலத்தில் இத்தகைய கழிவு இருந்ததில்லை. எண்ணெயின் விலை ஏறும்போது அந்த ஏற்றத்தைத் தாங்குபவர் முதலாளி மாத்திரமல்லர். கடலில் வலை இழுக்கும் ஒவ்வொருவனும் தன் பங்கிலிருந்து அதற்கு இறுக்கிறான். எண்ணெய் வரும் வழியைப் பற்றிய ஆராய்ச்சி பொறியியலோடு நின்றுவிடாது பொருளியலையும் தொடுவதற்கு இதுவே முதற் காரணம்.

படகின் உள்ளே எண்ணெய் வழி

இனி, கடலோடியின் அறிவை நோக்குவோம். டீசல் இயந்திரத்திற் பற்றவைக்கும் தீப்பொறி கிடையாது. உருளையினுள்ளே காற்று அமுக்கப்பட்டுக் கடும் வெப்பமடைகிறது. அவ்வெப்பத்தினுள் எண்ணெய் நுண்ணிய தூவலாகப் பீச்சப்பட்டதும் தானே எரிகிறது. ஆகவே சரியான வேளையிற் சரியான அளவு எண்ணெய் வந்து சேர்தலே அதன் உயிர். அவ்வெண்ணெய் தாங்கியிலிருந்து புறப்பட்டு, நீரைப் பிரிக்கும் முதல் வடிகட்டியைக் கடந்து, ஊட்டும் பம்பியால் இழுக்கப்பட்டு, இரண்டாம் வடிகட்டியினூடாக அமுக்கப் பம்பியை அடைகிறது. அங்கே பேரமுக்கம் பெற்று, உருக்குக் குழாய் வழியாக இஞ்செக்டரின் நுண்துளையை வந்தடைகிறது. மிஞ்சிய எண்ணெய் மீண்டும் தாங்கிக்குத் திரும்புகிறது.

இந்த நெடுவழியில் எங்கும் பழுது நேரலாம். தாங்கியில் எண்ணெய் குறையக் குறைய அவ்விடத்தை நிரப்பக் காற்று உட்செல்ல வேண்டும். அதற்கென ஒரு சிறு துளை உண்டு. உப்புப் படிந்தோ அழுக்கேறியோ அத்துளை அடைபட்டால் தாங்கியினுள்ளே வெற்றிடம் உண்டாகி எண்ணெயைப் பின்னே பிடித்து வைத்துக்கொள்ளும். இயந்திரம் நன்றாகத் தொடங்கும். சிறிது தூரம் ஓடும். பின்னர் மூச்சுத் திணறி நிற்கும். சற்றுப் பொறுத்துத் தொடங்கினால் மறுபடியும் ஓடும், மறுபடியும் நிற்கும். அறிந்தவன் சாவியை எடுக்கமாட்டான். தாங்கியின் மூடியைத் திறப்பான். 'உஸ்' என்று காற்று உட்புகும் ஒலி கேட்டால் நோய் தெரிந்துவிட்டது.

இரண்டாவது பகை, தண்ணீர். அரைகுறையாக நிரம்பிய தாங்கியின் வெற்றுப் பகுதியில் இரவுக் குளிரில் ஈரம் வியர்த்துப் படிகிறது. தண்ணீர் டீசலினும் கனமானதாதலால் அடியிற் போய்த் தங்குகிறது. நீரும் எண்ணெயும் தொடும் எல்லையில் நுண்ணுயிர்கள் பெருகி வழுவழுப்பான கசடாகின்றன. கடல் அமைதியாக உள்ளபோது இக்கசடு அடியிற் கிடக்கும். அலையெழுந்து படகு புரளும்போதே கலங்கி மேலெழுந்து வடிகட்டியை அடைக்கும். இயந்திரம் மிகவும் தேவைப்படும் வேளையிலேயே அது கைவிடுவதன் இரகசியம் இதுவே. கடலின் சீற்றத்தையும் இயந்திரத்தின் நிறுத்தத்தையும் ஒருங்கே கண்டவர் இதனைத் தெய்வக் குற்றம் என்று எண்ணியிருக்கலாம். காரணமோ தாங்கியின் அடியில் மாதக்கணக்காகச் சேர்ந்து கிடந்தது. இரவில் தாங்கியை நிரப்பி வைத்தலும், காலையில் வடிகட்டியின் அடித்திருகைத் தளர்த்தி நீரை வடித்தலும் இதற்குக் காப்பாகும்.

மூன்றாவது, காற்று. எரிவதற்குக் காற்று வேண்டும்; ஆனால் எண்ணெய்க் குழாயினுள்ளே காற்றுப் புகுந்தால் அது நஞ்சாகிறது. பம்பிக்கு முன்னுள்ள குழாயில் எண்ணெய் இழுக்கப்பட்டு வருவதால், அங்கே ஒரு பொருத்து நெகிழ்ந்திருந்தால் எண்ணெய் வெளியே சொட்டாது. வெளிக்காற்றே உள்ளே நுழையும். கசிவைக் கண்ணாற் காண முடியாது. காற்று அமுங்கக் கூடியது; எண்ணெய் அவ்வாறு எளிதில் அமுங்காது. அமுக்கப் பம்பி எவ்வளவு உந்தினாலும் குமிழி சுருங்கி விரிகிறதேயன்றி இஞ்செக்டர் திறப்பதில்லை.

இதற்குச் செய்யும் பரிகாரத்தில் ஒரு ஒழுங்கு உண்டு. முதலில் வடிகட்டியின் மேலுள்ள திருகைச் சிறிது தளர்த்திக் கைப்பம்பியை அழுத்த வேண்டும். நுரையும் குமிழியுமாக வந்த எண்ணெய் தெளிந்து வரும்வரை அழுத்தி, திருகை இறுக்க வேண்டும். பின்னர் அமுக்கப் பம்பியில் அவ்வாறே செய்ய வேண்டும். அதன் பின்னரும் இயந்திரம் எழாவிடின், இஞ்செக்டருக்குச் செல்லும் குழாயின் நட்டைத் தளர்த்தி இயந்திரத்தைச் சுழற்றிக் காற்றை வெளியேற்ற வேண்டும். அங்கே கைவிரலை நீட்டலாகாது; பேரமுக்கத்தோடு பீச்சும் எண்ணெய் தோலைத் துளைத்து உடலினுட் புகும்.

இம்முறையின் சாரம் யாது? எண்ணெய் புறப்படும் இடத்திலிருந்து எண்ணெய் சேரும் இடம் வரை ஒவ்வொரு படியாக நோக்குதல். எளிய காரணத்தை முதலிலும் அரிய காரணத்தைப் பின்னரும் ஆராய்தல். ஒரு படி தெளிந்த பின்னரே அடுத்ததற்குச் செல்லுதல். பழக்கமற்றவன் எடுத்த எடுப்பில் இஞ்செக்டரைக் கழற்றுவான். நுண்ணிய அக்கருவி மணலும் உப்பும் பட்டுக் கெடும். பழுது ஒன்று இரண்டாகும். நோய் தெரிந்த இடமும் நோய் பிறந்த இடமும் வேறு என்பதை மயிலிட்டிக் கரையின் இயந்திரத் திருத்துநர் பல்கலைக்கழகம் செல்லாமலே அறிந்திருந்தனர். விஞ்ஞான முறை என்று நாம் வகுப்பறையிற் போதிப்பது இதுவன்றி வேறென்ன?

ஆயின் இவ்வறிவு தமிழில் எழுதப்படவில்லை. இயந்திரத்தோடு வந்த கைந்நூல்கள் ஆங்கிலத்தில் இருந்தன. 1950களில் அரசகரும மொழித் திணைக்களம் தமிழிற் கலைச்சொற்களைத் தொகுத்து வெளியிடத் தொடங்கியது, நன்முயற்சிதான். என்றாலும் கலைச்சொற் பட்டியல் பாடநூலோடு நின்றது, படகுத்துறைக்கு இறங்கவில்லை. படகுத்துறையின் சொற்களும் பட்டியலுக்கு ஏறவில்லை. அலுவலகம் 'வெளியிணைப்பு இயந்திரம்' என்று எழுதியதைக் கடற்கரை 'மிசின்' என்று சொல்லிற்று. கையிலிருந்து கைக்கும், தகப்பனிடமிருந்து மகனுக்கும் மாத்திரமே கைமாறிய அறிவு, அந்தக் கைகள் ஓரிடத்தில் இருக்கும்வரையே நிலைக்கும். இதன் விளைவைப் பின்னர் காண்போம்.

படகுக்கு வெளியே எண்ணெய் வழி

தாங்கியும் குழாயும் செவ்வையாக இருந்தும் எண்ணெய் இல்லையாயின், ஆராய்ச்சி படகை விட்டுக் கரையேற வேண்டியதாகிறது. தாங்கியை நிரப்பியவர் யார்? எண்ணெயை நாட்டுக்குக் கொணர்ந்தவர் யார்? 1960கள் வரை இலங்கையில் அவ்வதிகாரம் ஷெல், எஸ்ஸோ, கல்டெக்ஸ் என்ற வெளிநாட்டு நிறுவனங்களிடம் இருந்தது. 1961 இல் இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனம் சட்டத்தால் நிறுவப்பட்டது. ஸ்ரீமாவோ பண்டாரநாயக்கா அரசு, அந்நிறுவனங்களின் விநியோக நிலையங்கள் பலவற்றைப் பொதுவுடைமையாக்கிச் சோவியத் ஒன்றியத்திலிருந்து மலிவாக எண்ணெய் இறக்கியது. நட்டஈட்டுப் பிரச்சினையைக் காரணங்காட்டி 1963 பெப்ரவரியில் ஐக்கிய அமெரிக்கா இலங்கைக்கான உதவியை நிறுத்தியது. 1964 தொடக்கத்தில் விநியோகம் முழுவதும் கூட்டுத்தாபனத்தின் கைக்கு வந்தது. ஆட்சி மாறிய பின்னர், 1965 இல், நட்டஈடு தீர்க்கப்பட்டது. சிறு தீவொன்று தன் எண்ணெய்க் குழாயின் திருகைத் தன் கையால் தொட்டதற்கு வல்லரசு ஒன்று கொடுத்த மறுமொழியாக இந்நிகழ்ச்சி நினைவிற் கொள்ளத்தக்கது.

1969 இற் சப்புகஸ்கந்தையிற் சுத்திகரிப்பு நிலையம் தொழிற்படத் தொடங்கியது. ஆயினும் மசகெண்ணெய் கடல்கடந்தே வரவேண்டியிருந்தது. 1973 ஒக்டோபரில் மத்திய கிழக்கிற் போர் மூண்டது. பீப்பாய் ஒன்றுக்கு ஏறத்தாழ 3 டொலராக இருந்த விலை அடுத்த சில மாதங்களில் ஏறத்தாழ 12 டொலராயிற்று. சீனாய் மணலில் வெடித்த பீரங்கியின் அதிர்வு, மயிலிட்டியில் வலை இழுத்தவனின் பங்குக் கணக்கில் உணரப்பட்டது. பாரிசிற் கடலை எண்ணெயில் ஓடிக்காட்டிய பொறி, பாரசீகக் குடாவின் விலைக்கு ஓட வேண்டியதாயிற்று.

அடைத்த கைகள்

உலகச் சந்தை எண்ணெயின் விலையைக் கூட்டியது; போரோ வழியையே மூடியது. 1980களின் நடுவில் வடகடல் தடைவலயமாயிற்று. கடலுக்குச் செல்லும் நேரத்தையும், தூரத்தையும், பூட்டும் இயந்திரத்தின் வலுவையும் இராணுவ ஆணைகள் தீர்மானிக்கலாயின. 1990 யூனில் போர் மீண்டும் மூண்டது. அவ்வாண்டு யூன் 15 ஆந் திகதி மயிலிட்டி மக்கள் தம் ஊரை விட்டு வெளியேறினர். படகும் வலையும் பட்டறையும் பின்னே கிடந்தன. ஊர் உயர்பாதுகாப்பு வலயத்துள் மறைந்தது.

அதே காலத்திற் குடாநாட்டின் மீது பொருளாதாரத் தடை விழுந்தது. பெற்றோலும் டீசலும் தடைசெய்யப்பட்டன. மண்ணெண்ணெய் அளந்து விடப்பட்டது. மின்சாரம் அற்றுப்போயிற்று. மாணவர் ஜாம் போத்தலில் திரியிட்டுச் சிறு சுடரிற் படித்தனர்; துவிச்சக்கர வண்டியின் தைனமோவைச் சுழற்றி மக்கள் வானொலி கேட்டனர். மோட்டார்ச் சைக்கிள்களும் கார்களும் மண்ணெண்ணெயில் ஓடின. சிறு போத்தலில் உயிர்போற் காத்த சில துளிப் பெற்றோலைக் காபரேற்றருக்குட் பீச்சி இயந்திரத்தை எழுப்பி, அது சூடேறியதும் மண்ணெண்ணெயில் ஓட்டினர். வெண்புகை தெருவை மூடியது.

இதனை வெறும் சாதுரியமாகப் பாராட்டிவிட்டு அப்பாற் செல்லலாகாது. மண்ணெண்ணெய் பெற்றோலைப் போல எளிதில் ஆவியாவதில்லை. குளிர்ந்த இயந்திரத்தில் அது பற்றாது. ஆகவே தொடக்கத்துக்குப் பெற்றோலும் ஓட்டத்துக்கு மண்ணெண்ணெயும் வேண்டும். மண்ணெண்ணெயில் ஓடும் வெளியிணைப்பு இயந்திரம் பூட்டிய படகுகளில் இம்முறை ஏற்கெனவே அறியப்பட்டதாகும். கரைக்கு வந்து நிறுத்துமுன் மறுபடி பெற்றோலுக்கு மாற்றிக் காபரேற்றரைக் கழுவி வைத்தால் மறுநாள் எளிதிற் கிளம்பும் என்பதும் படகோட்டிகள் அறிந்த வழக்கம். கடற்கரையின் இவ்வறிவு தடைக்காலத்திற் பட்டணத்துத் தெருவின் பொதுவறிவாயிற்று. தொழிலாளரின் நுண்ணறிவை இழிவாகக் கருதிய படித்த வர்க்கமும் அந்நாட்களில் அதைக் கொண்டே பயணஞ் செய்தது.

ஆனால் மயிலிட்டி மீனவனுக்கோ படகும் இல்லை, கடலும் இல்லை. மல்லாகம் முதலிய இடங்களின் முகாம்களிலும், பிறர் கரைகளிலும், உறவினர் வளவுகளிலும் அவன் வாழ்ந்தான். பலர் வேறு கரைகளிற் கூலிக்குச் சென்றனர். முகாமிற் பிறந்த பிள்ளை இருபது வயதாகும்வரை தன் ஊர்க் கடலைக் காணவில்லை. தகப்பன் கைப்பம்பியை அழுத்தும்போது அருகிருந்து குமிழியை எண்ணிப் பழகும் வாய்ப்பு அவனுக்குக் கிடைக்கவில்லை. எழுதப்படாத அறிவு இங்கேதான் அறுந்தது. வெடித்த வீட்டைக் கணக்கெடுக்கும் நட்டஈட்டுப் படிவத்தில் இவ்விழப்பை எழுத ஒரு நிரல் இல்லை.

மீண்ட கரையும் புதிய தட்டுப்பாடும்

போர் 2009 மேயில் முடிந்தது. ஆயினும் மயிலிட்டித் துறை மக்களிடம் திரும்ப மேலும் எட்டாண்டுகள் சென்றன. 2017 யூலை 3 ஆந் திகதி துறைமுகமும் அதனை அடுத்த 54 ஏக்கர் நிலமும் விடுவிக்கப்பட்டன. ஊர்ப்பரப்பின் ஒரு பகுதியே அன்று கிடைத்தது. எனினும் இருபத்தேழு ஆண்டுகளின் பின் மக்கள் தம் கடலிற் கால் நனைத்தனர். 2019 ஓகஸ்டிற் புதுப்பித்த துறைமுகத்தின் முதற் கட்டம் திறந்துவைக்கப்பட்டது.

கால் ஊன்றுமுன்னே அடுத்த அடி விழுந்தது. அந்நியச் செலாவணி வற்றியதால் 2021 நவம்பரிற் சப்புகஸ்கந்தைச் சுத்திகரிப்பு நிலையம் மூடப்பட்டது. மறுவருடமும் மசகெண்ணெய் இன்றி நின்று நின்று இயங்கியது. 2022 ஏப்ரலில் அரசு வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த இயலாதெனக் கைவிரித்தது. இம்முறை தடை வடக்குக்கு மாத்திரமல்ல. காலியிலும் நீர்கொழும்பிலும் மயிலிட்டியிலும் மீனவர் ஒரே வகையான வெற்றுக் கலனோடு ஒரே வகையான வரிசையில் நின்றனர். 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றரின் விலை 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரே இரவில் உயர்த்தப்பட்டது. மண்ணெண்ணெயில் ஓடுபவை பெரும்பாலும் ஏழை மீனவரின் சிறு படகுகளே என்பதை எண்ணும்போது, இச்சுமை எத்தோளில் இறங்கிற்று என்பது தெளிவு. கழிவு முதலில், பங்கு பின்னர் என்ற பழைய கணக்கு இங்கும் தவறாது வேலை செய்தது.

எண்ணெய் கிடைத்த நாளிலும் அதன் தூய்மை ஐயத்துக்குரியதாயிற்று. தட்டுப்பாடும் விலை வேறுபாடும் உள்ள இடத்திற் கலப்படம் முளைக்கும். டீசலில் மண்ணெண்ணெய் கலந்தால் அமுக்கப் பம்பிக்கு வேண்டிய மசகுத்தன்மை குறைந்து உள்ளுறுப்புகள் தேயும். பழைய பீப்பாயிலும் பிளாஸ்ரிக் கலனிலும் சேமித்த எண்ணெயில் நீரும் துருவும் சேரும். நாட்டின் நிதிநிலை, மீனவனின் வடிகட்டியில் வந்து படிவது இவ்வாறே.

வெளியிணைப்பு இயந்திரத்தின் எண்ணெய்க் குழாயின் நடுவே ஒரு இறப்பர்ப் பந்து உண்டு. அதைக் கையால் அழுத்தினால் பழுதின் திசை தெரியும். பந்து சப்பையாகி மீளாதிருந்தால் அடைப்பு அதற்கு முன்னே, தாங்கியின் பக்கத்தில். எவ்வளவு அழுத்தியும் இறுகாவிடின் எங்கோ காற்று நுழைகிறது, அல்லது தாங்கி வெறுமை. இறுகிய பந்து இறுகியே நிற்க இயந்திரம் ஓடாவிடின் எண்ணெய் பந்துக்கு அப்பாலே தடைபட்டிருக்கலாம்; காபரேற்றரை நோக்க வேண்டும். ஒரு கைப்பிடியில் மூன்று விடைகள். மயிலிட்டியின் ஐம்பது அறுபது ஆண்டு வரலாற்றை அவ்வாறு அழுத்திப் பார்த்தால், பந்து பெரும்பாலும் சப்பையாகவே கிடந்ததைக் காண்கிறோம். தடை மீனவனின் பக்கத்தில் இருந்ததில்லை; மேலே, வழியின் தொடக்கத்திலேயே இருந்தது. அவனுக்குத் திறமை போதாது, சோம்பல், குடிப்பழக்கம் என்று அடிக்கடி சொல்லப்படும் காரணங்கள், தாங்கியின் மூடியைத் திறந்து பாராமல் இஞ்செக்டரைக் கழற்றும் அறியாமையேயன்றி வேறல்ல.

இன்று அத்துறைமுகத்தில் இன்னொரு காட்சியும் உண்டு. எல்லை கடந்து வந்து கைப்பற்றப்பட்ட தமிழக இழுவைப்படகுகள் அங்கே கட்டப்பட்டுத் துருவேறுகின்றன. 1950களில் நோர்வே உதவியோடு கேரளத்து நீண்டகரையில் தொடங்கிய இயந்திரமயமாக்கமும், பின்னர் ஏற்றுமதி இறாலைத் தேடிப் பெருகிய இழுவைமடித் தொழிலும் பாக்குநீரிணை வரை வந்து சேர்ந்த கதை அது. கடலடியை வாரிச் செல்லும் அத்தொழில் எம் மீனவரின் வலையையும் கடல்வளத்தையும் அழிக்கிறது. அதனை எதிர்ப்பதில் அவர்கள் பக்கமே நியாயம் உள்ளது. ஆயினும் சிறையில் இருப்பவன் பெரும்பாலும் படகின் உரிமையாளன் அல்லன், கூலிக்கு வந்தவன் என்பதை மறத்தலாகாது. அவனுடைய பங்கிலும் எண்ணெய்ச் செலவே முதலிற் கழிக்கப்படுகிறது. இரு கரைத் தொழிலாளரும் ஒரே மொழியில் ஒருவரையொருவர் ஏசும்போது, இருவர் கணக்கையும் எழுதுபவர் கரையில் இருக்கிறார்.

செய்ய வேண்டுவன

இவ்வாராய்ச்சியாற் பெறப்படுவன இரண்டு. முதலாவது, எண்ணெய் பற்றியது. சிறு மீனவர்க்கு வேண்டிய எரிபொருள், அவர்களே நடத்தும் கூட்டுறவுச் சங்கங்களின் வழியாக, தூய்மை சோதிக்கப்பட்டு, அவர்களின் வருவாய்க்கு ஏற்ற விலையிற் கிடைக்க வேண்டும். கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்கள் வடக்கின் கரைகளிற் பல பத்தாண்டு அனுபவமுடையவை. அவற்றை விண்ணப்பப் படிவம் நிரப்பும் நிலையங்களாகக் குறுக்கிவிடாமல், எண்ணெயும் உதிரிப்பாகமும் திருத்துகூடமும் தம் கையில் வைத்திருக்கும் அமைப்புகளாக வளர்க்க வேண்டும். பங்குக் கணக்கில் எண்ணெய் விலையேற்றத்தின் சுமை எவர்மீது விழவேண்டும் என்பதையும் அச்சங்கங்களே விவாதித்துத் தீர்க்க வேண்டும்.

இரண்டாவது, அறிவு பற்றியது. இது ஆசிரியராகிய நம் பொறுப்பு. வடகரையின் முதிய இயந்திரத் திருத்துநர் சிலர் இன்னும் நம்மிடையே உள்ளனர். அவர்கள் சொல்வதை அவர்கள் சொல்லும் சொற்களிலேயே எழுதிக்கொள்ள வேண்டும். கலைச்சொற் பட்டியலையும் படகுத்துறைச் சொல்லையும் அருகருகே வைத்துத் தமிழிற் கைந்நூல் ஒன்று ஆக்க வேண்டும். கடற்கரைப் பாடசாலைகளில் அமுக்கம், ஆவியாதல், அடர்த்தி என்பவற்றைக் கற்பிக்கும்போது தாங்கியின் துளையையும், அடியில் தங்கும் நீரையும், காற்றுக் குமிழியையும் எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். தன் தகப்பனின் தொழிலினுள்ளே விஞ்ஞானம் இருப்பதைக் காணும் மாணவன் அத்தொழிலையும் இகழான், விஞ்ஞானத்தையும் அஞ்சான். தமிழ்ப் பட்டம் பெற்றோர்க்கும் இதில் வேலை உண்டு: பழந்தமிழில் நெய்தல் நிலத்தின் இரங்கலை விளக்குவதற்குச் செலவிடும் உழைப்பிற் சிறிதளவை இன்றைய நெய்தல் மக்களின் சொல்லுக்கும் செலவிடலாம்.

மயிலிட்டிக் கரையில் இன்று மீண்டும் இயந்திர ஒலி கேட்கிறது. அதனை இயக்கும் இளைஞருட் பலர் ஊரை விட்டு நீங்கிய காலத்திலே பிறந்தவர்கள். எண்ணெய் வரும் வழியை அவர்கள் தாங்கியிலிருந்து இஞ்செக்டர் வரை கற்றுக்கொள்ளட்டும். தாங்கிக்கு அப்பால், கொழும்புப் பண்டசாலை வரையும் அதற்கும் அப்பாலுள்ள உலகச் சந்தை வரையும் கற்றுக்கொள்ளட்டும். எங்கே அடைத்தது என்று அறிந்த மக்களே அடைப்பை நீக்குமாறு கேட்கவும், வேண்டியவிடத்துத் தாமே நீக்கவும் வல்லவராவர்.